எதுல பன்னண்டு?

போன வாரம் அப்பாவோட கால்குலேட்டர் கண்ணைச் சிமிட்ட ஆரம்பிச்சுது. திரையோட இடது கீழ் மூலையில ஒரு குட்டி நட்சத்திரக்குறி விட்டு விட்டு மின்னும். பேட்டரி தீரப்போகுதுன்னு அர்த்தம். முப்பது வருஷத்துல நாலோ அஞ்சோ தடவைதான் அந்த நட்சத்திரத்தைப் பார்த்திருக்கேன். அதனால கொஞ்சம் பதட்டமாயிட்டேன். பதட்டத்துல ஒரு முட்டாள்தனமும் பண்ணேன், அதை அப்புறம் சொல்றேன்.

எங்க ஊர் விருத்தாசலம். இலக்கியம் படிக்கிறவங்களுக்கு அது புதுமைப்பித்தனோட இயற்பெயர். பக்தர்களுக்குப் பழமலைநாதர். ரயில்ல போறவங்களுக்கு சேலம் வண்டிக்கும் கடலூர் வண்டிக்கும் மாறுற ஜங்ஷன். எனக்கு அது பீங்கான். களிமண், குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார்னு மூணையும் அரைச்சுக் கலந்து, அச்சுல போட்டு, காய வச்சு, சூளையில ஏத்துற ஊர். பொம்மை, அகல் விளக்கு, பியூஸ் யூனிட்டுன்னு தெருவுக்கு ஒரு சரக்கு. இதைப் படிக்கறதுக்குன்னே ஒரு பாலிடெக்னிக்கும் உண்டு. அப்பா பாலிடெக்னிக் எல்லாம் படிக்கலை. பதினாறு வயசுல பிரஸ் ஓட்டப் போய், அப்புறம் சின்னதா சொந்த யூனிட் வச்சவர். பியூஸ் யூனிட்தான் எங்க சரக்கு. பழைய வீடுகள்ல மீட்டர் போர்டுல வெள்ளையா இருக்குமே, பிடுங்கி கம்பி மாட்டி திரும்பச் சொருகுவோமே, அதேதான்.

சரி, கொசுவத்தியைச் சுத்தறதுக்கு முன்னாடி மெஷினை அறிமுகப்படுத்திடறேன்.

ஹெச்பி-12சி. ஹியூலெட் பேக்கார்டு கம்பெனி 1981-ல கொண்டுவந்த நிதிக் கணக்கு கால்குலேட்டர். அவங்க 1973-லயே ஹெச்பி-80ன்னு இதே வேலைக்கு ஒண்ணு போட்டிருந்தாங்க, ஆனா நிலைச்சு நின்னது இதுதான். நாற்பது வருஷம் தாண்டியும் கிட்டத்தட்ட அதே முகத்தோட வித்துது. கம்ப்யூட்டர் உலகத்துல வேற எந்த சாமான் இப்படி நின்னிருக்குன்னு எனக்குத் தோணலை. படுக்கைவாட்டுல இருக்கும், சட்டைப்பையில அடங்கும். முகத்துல தங்கக்கலர் தகடு. ஒவ்வொரு கட்டைக்கும் மூணு வேலை: கட்டை மேல வெள்ளையில ஒண்ணு, கீழ்ச்சரிவுல நீலத்துல ஒண்ணு, தகட்டுல தங்கக்கலர்ல ஒண்ணு. நீல வேலைக்கு 'ஜி'யை அழுத்திட்டு அழுத்தணும், தங்க வேலைக்கு 'எஃப்'.

எங்ககிட்ட இருக்கறது 1989-ல செஞ்சது. எப்படித் தெரியும்னா, பின்பக்கம் இருக்கற வரிசை எண்ணுல முதல் ரெண்டு இலக்கத்தோட 1960-ஐக் கூட்டினா வருஷம். அடுத்த ரெண்டு இலக்கம் எத்தனையாவது வாரம். அப்புறம் ஒரு எழுத்து, எங்களுதுல 'ஏ', அமெரிக்காவுல செஞ்சது. சிங்கப்பூர்ல ஒரு கம்பெனியில கணக்கு எழுதிட்டிருந்த சித்தப்பா 1991-ல லீவுக்கு வந்தப்ப அப்பா கையில குடுத்துட்டுப் போனார். "அண்ணே, இதுல வட்டிக் கணக்கெல்லாம் வரும்"னார். அப்பா முதல்ல 2 கூட்டல் 3 போட்டுப் பார்த்தார். சமம் குறியைத் தேடினார். இல்லை. இன்னிக்கும் இல்லை :-)

இந்த மெஷின்ல சமம் குறியே கிடையாது. முதல்ல எண்ணு, அப்புறம் என்ன செய்யணும்ங்கறது. 2, என்டர், 3, கூட்டல். அவ்வளவுதான், 5 வந்துடும். 1920-கள்ல போலந்து தர்க்க அறிஞர் லுகாசியேவிச், அடைப்புக்குறியே இல்லாம எழுத ஒரு முறை கண்டுபிடிச்சார், அதைத் தலைகீழாப் போட்டது இது. உள்ளே நாலு தட்டு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு, எக்ஸ், ஒய், இசட், டின்னு பேரு. புது எண்ணு வந்தா எல்லாம் ஒரு படி மேல போகும், கூட்டல் கழித்தல் போட்டா கீழே இருக்கற ரெண்டும் சேர்ந்து ஒண்ணாகி மேல இருக்கறது இறங்கும். எங்க ஊர்க்காரனுக்கு இது புரியறதுல கஷ்டமே இல்லை. சாசரை அடுக்கி வச்சு மேலேர்ந்து எடுக்கற மாதிரிதான். அப்பாவுக்கு ரெண்டு நாள்ல பிடிபட்டுது. எனக்குத்தான் ஒரு மாசம் ஆச்சு, ஸ்கூல்ல கத்துக்கிட்டதை மறக்க வேண்டியிருந்துதே.

இதுல ஒரு லாபம், யாரும் இரவல் கேக்க மாட்டாங்க. கேட்டாலும் அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்துடும், "ரிப்பேர் போலிருக்கே"ன்னு.

மேல் வரிசையில முதல் அஞ்சு கட்டைதான் மெஷினோட உயிர். 'என்', எத்தனை தவணை. 'ஐ', ஒரு தவணைக்கு வட்டி. 'பிவி', இன்னிக்குக் கையில வர்ற தொகை. 'பிஎம்டி', மாசா மாசம் கட்டறது. 'எஃப்வி', கடைசியில மிச்சம் நிக்கறது. தெரிஞ்சதைப் போட்டுட்டு, தெரியாததோட கட்டையை சும்மா அழுத்தினா அது வந்து நிக்கும். எங்க கோயில்ல எல்லாமே அஞ்சுன்னு பெருமையா சொல்வோம், அஞ்சு கோபுரம், அஞ்சு பிரகாரம், அஞ்சு நந்தி, அஞ்சு தேர். இந்த அஞ்சையும் சேர்த்துக்கலாம்னு அப்பா கிண்டல் பண்ணுவார்.

ஒரே ஒரு விதி. உன் கைக்கு வர்ற பணம் கூட்டல், உன் கையை விட்டுப் போற பணம் கழித்தல். கடன் வாங்கினா 'பிவி' கூட்டல், டியூ கட்டறது கழித்தல், எண்ணைப் போட்டுட்டு 'சிஎச்எஸ்' அழுத்தணும். ரெண்டையும் ஒரே குறியில போட்டுட்டு வட்டி கேட்டா 'எர்ரர் 5'ன்னு மூஞ்சியில அடிக்கும். பணம் வாங்கிட்டே இருக்கே, குடுக்கவே இல்லையே, இதுக்கு எங்கேர்ந்து வட்டி கண்டுபிடிக்கறதுன்னு கேக்குது, நியாயம்தானே. நீ எந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்னு முதல்ல சொல்லுங்கற மெஷின் இது.

இப்ப கொசுவத்தி.

அப்பா பிரஸ் ஓட்டிட்டிருந்த காலத்துல நடந்த கதை ஒண்ணு, வீட்டுல நூறு தடவை கேட்டிருக்கோம். பீங்கான் சூளையில சுருங்கும். எவ்வளவு சுருங்கும்ங்கறது மண்ணுக்கு மண்ணு மாறும், அவங்க மண்ணு அப்ப 12 சதவீதம். வெந்த பிறகு 88 மில்லிமீட்டர் வரணும். அதுக்கு அச்சு எவ்வளவு இருக்கணும்? யூனிட் முதலாளி 88-ஓட 12 சதவீதத்தைக் கூட்டி 98.56-ன்னு டை அடிக்கக் குடுத்துட்டார். டை வந்துது, சரக்கு போட்டாச்சு, சூளையிலேர்ந்து வெளிய வந்தா 86.73. ஒன்னேகால் மில்லிமீட்டர் கம்மி. பியூஸோட மேல்கட்டை அடிக்கட்டையில உக்காரலை. ஒரு சூளைச் சரக்கு மொத்தமும் பின்பக்கம் குவியலாக் கிடந்துதாம்.

ஏன்னா மண்ணு சுருங்கறது 88-லேர்ந்து இல்லை, ஈரத்துல இருக்கற அளவுலேர்ந்து. 88-ஐ 0.88-ஆல வகுக்கணும், 100 வரும். அந்த நூறுல 12 போனாதான் 88. அன்னிக்கு மூத்த டை ஃபிட்டர் ஒருத்தர் முதலாளிகிட்டக் கேட்ட ஒரே கேள்வி: "எதுல பன்னண்டு?" அந்த வார்த்தை அப்பாவுக்கு வேதமாயிடுச்சு. யார் எந்த சதவீதம் சொன்னாலும், எதுல?ன்னு கேப்பார். கடைக்காரர் பத்து பர்சென்ட் தள்ளுபடின்னா, எதுல? நான் மார்க் எண்பது பர்சென்ட்னா, எதுல?

அப்படிப்பட்ட மனுஷன் 1996-ல ஏமாந்தார்.

சரக்கை லாரி ஆபீசுக்கு எடுத்துட்டுப் போக ஒரு வண்டி வேணும்னு ஒரு பழைய மெட்டடார் வேனைப் பார்த்தார். ஒரு லட்சம் கடன் தேவைப்பட்டுது. பேங்க்ல கேட்டப்ப வட்டி 16.5 சதவீதம்னு சொல்லி, கூடவே ஒரு முழம் பேப்பர் லிஸ்டும் குடுத்தாங்க. அதே வாரம் ஒரு பைனான்ஸ்காரர் வீட்டுக்கே வந்தார். "நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதான் முதலாளி, வருஷத்துக்குப் பன்னண்டு. மூணு வருஷம். மாசம் 3,778." நம்மூர்ல வட்டின்னா மாசக் கணக்குதானே, நூத்துக்கு எத்தனை ரூபான்னு. ஒரு ரூபா வட்டின்னா தர்மவட்டி. அப்பா கையெழுத்துப் போட்டுட்டார். பதினாறரை எங்க, பன்னண்டு எங்க!

நான் காலேஜ் லீவுல வந்திருந்தேன். காமர்ஸ் படிக்கிற பையன், புதுசா மெஷின்ல அஞ்சு கட்டையும் பழகியிருந்த திமிர். ராத்திரி சாப்பிட்டுட்டுத் திண்ணையில உக்காந்திருந்தப்ப, பைனான்ஸ் பேப்பரை எடுத்துவச்சுத் தட்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல தங்க 'எஃப்' அழுத்தி பழைய பணக்கணக்கைத் துடைச்சேன். 36, என். 100000, பிவி. (இந்த மெஷினுக்கு லட்சம் தெரியாது, மூணு மூணாத்தான் காற்புள்ளி போடும். 100,000ன்னு வர்றதைப் பார்த்து அம்மா நூறு ரூபாயான்னு கேட்டாங்க.) 3778, சிஎச்எஸ், பிஎம்டி. அப்புறம் 'ஐ'.

மத்த கட்டையெல்லாம் அழுத்தின உடனே விடை வந்துடும். 'ஐ'க்கு மட்டும் அப்படி இல்லை. வட்டியை நேரடியாக் கண்டுபிடிக்க சூத்திரம் கிடையாது. ஒரு வட்டியை ஊகிச்சு, போட்டுப் பார்த்து, சரியா வரலைன்னா திருத்தி, திரும்பப் போட்டுன்னு மெஷின் தேடணும். அதுவரைக்கும் திரையில 'ரன்னிங்'னு ஒரு வார்த்தை மின்னும். சில விநாடிதான். அப்பா என் தோளுக்கு மேலேர்ந்து அந்த வார்த்தையையே பார்த்துட்டிருந்தார்.

1.77.

12-ஆல பெருக்கினேன். 21.20.

"தப்பாப் போட்டிருப்பே, திரும்பப் போடு"ன்னார். போட்டேன். அதே 1.77. அப்புறம்தான் பேப்பரைப் படிச்சா, முதல் டியூவை அன்னிக்கே பிடிச்சுக்கிட்டாங்க. அதாவது டியூ மாச ஆரம்பத்துல. நீல 'ஜி', 7. திரையில 'பிகின்'னு வரும். திரும்ப 'ஐ'. 1.88. வருஷத்துக்கு 22.58.

அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா அவரே சொன்னார், "எதுல பன்னண்டு?"

அவ்வளவுதான் விஷயம். ஒரு லட்சத்துக்கு மூணு வருஷம் பன்னண்டு சதவீதம்னா 36,000. அசலோட கூட்டி 36-ஆல வகுத்தா 3,778 வருது. கணக்கு சரிதான். ஆனா ஒரு லட்சம் மூணு வருஷமும் நம்மகிட்டயே இருக்கா? மாசா மாசம் அசலும்தானே திரும்பிப் போகுது. அவங்க கணக்குப்படியே கடைசி மாசம் நம்ம பாக்கி 2,778 ரூபாய். அதுக்கும் வட்டி ஆயிரம் ரூபாய்! பன்னண்டு சதவீதம் நிக்கற பாக்கியில இல்லை, எப்பவோ வாங்கின முழுத்தொகையில. டை அடிச்சவர் எந்தத் தப்பைப் பண்ணாரோ, அதையே இவங்க தெரிஞ்சே பண்றாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். பேங்க்காரங்க சொன்ன பதினாறரை நிக்கற பாக்கியில. அதைப் போட்டுப் பார்த்தேன், மாசம் 3,540 ரூபாய் 44 காசு. மொத்தத்துல 8,552 ரூபாய் வித்தியாசம். 1996-ல எங்க வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

மறுநாள் போய்க் கேட்டார். முன்கூட்டியே முடிச்சாலும் மூணு வருஷ வட்டியும் கட்டணும்னு பேப்பர்ல இருக்கறதைக் காட்டினாங்க. முப்பத்தாறு டியூவும் கட்டி முடிச்சார். ஒரு டியூ கூடத் தவறலை. ஆனா ஒவ்வொரு மாசமும் பணத்தை எண்ணும்போது முகம் ஒரு மாதிரி ஆகும். நான் சொல்லாம இருந்திருந்தா தர்மவட்டிக்கு வண்டி வாங்கினோம்ங்கற சந்தோஷத்தோட கட்டியிருப்பார்.

அதுக்கப்புறம் அப்பா மெஷினும் கையுமா ஆயிட்டார். சூளைத் தெருவுல யாராவது பைனான்ஸ் பேப்பரோட வந்தா திண்ணையில உக்கார வச்சு 'ஐ' பார்ப்பார். வருஷ வட்டி சொல்லமாட்டார். "இது ஒன்னே முக்கா ரூபா வட்டி தம்பி"ன்னு நம்மூர் பாஷையில சொல்லுவார். மாச வட்டியை அப்படியே காட்டற மெஷின், நூத்துக்கு இத்தனை ரூபான்னு பேசற ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். எத்தனை பேர் அதனால பேங்க்குக்குப் போனாங்கன்னு தெரியாது, சிலர் போனாங்க.

ஒருத்தர் கதை வேற மாதிரி ஆச்சு. மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கி, கல்யாணமும் முடிஞ்சு, பேச்சுவாக்குல பேப்பரைக் காட்டினார். அப்பா தட்டி இரண்டு ரூபாய்க்கு மேலன்னு சொல்லிட்டார். அந்த மனுஷன் முகம் செத்துப்போச்சு. அப்புறம் ஒரு வருஷம் எங்க வீட்டுப் பக்கமே வரலை. ஏமாத்தினவனை விட்டுட்டு எங்க மேல கோபம். அதுலேர்ந்து அப்பா ஒரு விதி வச்சுக்கிட்டார்: கையெழுத்துப் போட்ட பேப்பரை மெஷின்ல போடறதில்லை. எனக்கு அந்த விதியில இன்னும் முழு சம்மதம் கிடையாது. தெரிஞ்சாதானே அடுத்த தடவை ஏமாறாம இருப்பாங்க? "அடுத்த தடவை வரும்போது சொல்லுவோம்டா"ன்னுவார். அவர் சொல்றது என்னைக் குத்தற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும்.

அம்மாவுக்கு மட்டும் இந்த வட்டிச் சண்டை எதுலயும் ஆர்வம் இல்லை. அவங்களுக்குப் பிடிச்சது தேதி. ஒரு தேதியைப் போட்டா என்ன கிழமைன்னு சொல்லும், திங்கள் 1, ஞாயிறு 7. 15.081947, என்டர், 0, நீல 'ஜி', சிஎச்எஸ். வலது ஓரத்துல 5 வரும், வெள்ளிக்கிழமை. பிறந்த தேதி தெரிஞ்சு கிழமை தெரியாத அக்கம்பக்கத்து ஜாதகமெல்லாம் இப்படித்தான் பூர்த்தியாச்சு. கி.பி. 4046 நவம்பர் 25 வரைக்கும் சொல்லும். அதுக்கப்புறம் பிறக்கறவங்க வேற ஏற்பாடு பண்ணிக்கணும்.

சில குணங்களையும் சொல்லணும். 'என்' கேட்டா எப்பவும் மேல்பக்கமா முழு எண்ணாக்கிச் சொல்லும். லட்சத்துக்குப் பதினாறரை வட்டியில மாசம் ஐயாயிரம் கட்டினா எத்தனை மாசம்னா, நிஜமா இருபத்தி மூன்றரைச் சொச்சம், இது 24-ன்னு சொல்லும். கோபப்படாம 'எஃப்வி'யை அழுத்தினா கடைசி மாசம் எவ்வளவு அதிகமாக் கட்டியிருப்போம்னு தெரியும். இன்னொண்ணு, 'பிகின்' போட்டா நாமா எடுக்கற வரைக்கும் போகாது, பணக்கணக்கைத் துடைச்சாலும் போகாது. திரைக்குக் கீழே அந்த வார்த்தை இருக்கான்னு பார்க்காம தட்டி நான் ரெண்டு தடவை அசடு வழிஞ்சிருக்கேன்.

துல்லியத்துல மட்டும் சந்தேகமே வேண்டாம். இதோட தம்பி ஹெச்பி-15சியோட கையேட்டுல ஒரு கணக்கு உண்டு. நம்ம காசுல சொன்னா, நொடிக்கு ஒரு பைசா வீதம் ஒரு வருஷம் பேங்க்ல போடணும், 11.25 சதவீத வட்டி, அதுவும் நொடிக்கு நொடி கூட்டு. தவணை 3,15,36,000. வட்டியில்லாம 3,15,360 ரூபாய். வட்டியோட இந்த மெஷின் 3,33,783 ரூபாய்னு சொல்லும், அதுதான் சரி. ஒரு நொடி வட்டி அவ்வளவு சின்னது, அதை 1-ஓட கூட்டும்போதே பாதி இலக்கத்தைத் தொலைச்சுட்டு ஆயிரக்கணக்குல பிசகற மெஷின்கள் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் கஹான் மாதிரி ஆளுங்களை ஆலோசகரா வச்சுக்கிட்டு செஞ்ச வேலை சும்மாவா?

பராமரிப்புன்னு பெரிசா எதுவும் இல்லை. எங்க ஊர்ல எதிரி ஒண்ணுதான், தூசி. சூளைத் தூசி குவார்ட்ஸ் கலந்தது, துணியால அழுத்தித் துடைச்சா திரை கீறிப்போகும். முதல்ல பிரஷ்ஷால தட்டிவிடணும், அப்புறம்தான் துணி. வேலை முடிஞ்சதும் உறையில போடறது அப்பாவோட பழக்கம், அதனாலதான் அதே மேஜையில கிடந்த மத்த கால்குலேட்டரெல்லாம் செத்தும் இது இருக்கு. பின்னாடி ரப்பர் காலுக்கு அடியில திருகு இருக்கு, ஆசைப்பட்டுக் கழட்டக்கூடாது. பேட்டரி, பழைய மாடலுக்கு பட்டன் செல் மூணு. எல்ஆர்44 எங்கயும் கிடைக்கும், ஆனா அது ஆல்கலைன், கசியும். கசிஞ்சா பஞ்சுல துளி வினிகர் தொட்டுத் துடைச்சு நல்லாக் காய விடணும். சில்வர் ஆக்சைடு வகை, 357-ன்னு கேட்டா குடுப்பாங்க, விலை கூட, ஆனா நாள் வரும். போடும்போது தட்டையான கூட்டல் பக்கம், பக்கத்துல இருக்கற ரப்பர் காலைப் பார்த்து இருக்கணும்.

மெஷினை அணைச்சுட்டு, பழசை எடுத்த கையோட புதுசைப் போட்டுடணும். அப்படிச் செஞ்சா நினைவுல இருக்கறது அப்படியே இருக்கும்.

நான் என்ன செஞ்சேன்? கடைக்காரருக்கு மாதிரி காட்டணும்னு பழைய மூணு செல்லையும் கழட்டி சட்டைப்பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன். கடைவீதியில முதல் வாட்ச் கடையில ரெண்டுதான் இருந்துது. அடுத்தது பூட்டிக்கிடந்துது. மூணாவது கடைக்காரர், "இதுக்கு செல் வாங்கற காசுல புது கால்குலேட்டரே வாங்கலாமே சார்"னு ஆரம்பிச்சார், அவருக்குப் பதில் சொல்லாம வாங்கிட்டு வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு. போட்டு ஆன் பண்ணினா 'பிஆர் எர்ரர்'. நினைவு மொத்தமும் போச்சு.

பெருக்கல் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஆன் பண்ற சுயபரிசோதனையைச் செஞ்சேன். அரை நிமிஷம் மாதிரி ரன்னிங், ரன்னிங்... அப்புறம் திரை முழுக்க எட்டு, எல்லாக் குறியும் எரிஞ்சுது. வகுத்தல் கட்டையோட ஆன் பண்ணி, இடமிருந்து வலமா எல்லாக் கட்டையையும் வரிசையா அழுத்தினேன், என்டர் ரெண்டு வரிசைக்கும் பொதுங்கறதால ரெண்டு தடவை. கடைசியில 12-ன்னு வந்துது. உடம்புக்கு ஒண்ணும் இல்லை. ஆனா மறதி.

போனதுல முக்கியமானது ஒண்ணே ஒண்ணு. 'ஆர்சிஎல் 1' அழுத்தினா 0.88 வரும். அப்பா யூனிட் நடத்தின நாள்லேர்ந்து முதல் பதிவுல அதைத்தான் வச்சிருந்தார். யூனிட்டை வேற ஒருத்தருக்குக் குடுத்துப் பல வருஷம் ஆச்சு, இருந்தாலும் நான் அதைத் தொட்டதில்லை. இப்ப அழுத்தினா 0.00. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் சொல்லாமலே இருந்தேன். திரும்ப 0.88 போட்டு வச்சுட்டா தெரியவா போகுதுன்னும் நினைச்சேன். ஏனோ கை வரலை.

அந்த ரெண்டு நாளுக்குள்ள பக்கத்துத் தெருத் தம்பி ஒருத்தன் வந்தான், பைக் வாங்கறானாம். அறுபதாயிரம் கடன், ரெண்டு வருஷம், மாசம் 2,975. ஷோரூம்ல ஒன்பதரை சதவீதம்னு சொன்னாங்களாம். அதே பழைய பாட்டு. கையெழுத்து இன்னும் போடலைங்கறதால அப்பாவோட விதிக்கும் பங்கமில்லை. 24, என். 60000, பிவி. 2975, சிஎச்எஸ், பிஎம்டி. ரன்னிங். 1.44, வருஷத்துக்கு 17.29. "வேற ஏதாவது பிடிக்கறாங்களா தம்பி?"ன்னு உள்ளேர்ந்து அப்பா குரல் குடுத்தார். பிராசஸிங் ஃபீஸ் 1,500-ஐக் கடன்லயே கழிச்சுக்கறாங்களாம். அப்ப கைக்கு வர்றது 58,500-தானே. அதை பிவி-ல போட்டேன். 1.66. வருஷத்துக்கு 19.92.

இந்தக் காலத்துல ஒரு நல்லது நடந்திருக்கு. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல்ல ஒரு சுற்றறிக்கை விட்டு, அந்த வருஷம் அக்டோபர் 1-லேர்ந்து தனிநபர் கடன், சிறுதொழில் கடன்னு எல்லாப் புதுக் கடனுக்கும் கேஎஃப்எஸ்-னு ஒரு விவரத்தாள் குடுக்கறதைக் கட்டாயமாக்கியிருக்காங்க. கட்டணமெல்லாம் சேர்த்த உண்மையான வருஷ வட்டியை அதுல போட்டே ஆகணும். தம்பியோட பேப்பர்க்கட்டைப் புரட்டினேன். இருந்துது, 19.92. மெஷினும் பேப்பரும் ஒரே எண்ணைச் சொன்னப்ப எனக்கு வந்த சந்தோஷம் அவனுக்கு வரலை. "இதுலயே போட்டிருக்கா சார்?"னு கேட்டான். அவன் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

கொஞ்ச நேரம் யோசிச்சான். ஃபீஸைக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம், அல்லது பேங்க்ல ஒரு தடவை விசாரின்னு சொன்னேன். "பாக்கறேன் சார். ஆனா வண்டி இல்லாம நெய்வேலி வரைக்கும் டெய்லி வேலைக்குப் போக முடியலை"ன்னான். ரெண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி வட்டின்னு தெரிஞ்சு வாங்கினா அது அவன் முடிவு. அப்பாவுக்கு 1996-ல அந்த வாய்ப்பு இல்லாமப் போச்சு.

அவன் போனதும் அப்பா வெளிய வந்து மெஷினை வாங்கிப் பார்த்தார். பழக்கதோஷத்துல 'ஆர்சிஎல் 1' அழுத்தினார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"பேட்டரி மாத்தினியா?"

"ஆமாம்பா. 0.88 போயிடுச்சு. திரும்பப் போட்டுடட்டுமா?"

"அதை எதுக்குப் போடறே? அது பழைய மண்ணுக்கு. இப்ப யூனிட்ல வேற மண்ணு ஓட்டறாங்களாம். நாளைக்குப் போய் ஒரு துண்டு சுட்டு அளந்துட்டு வா, சொல்றேன்."

தேதியையும் நாள்-மாசம்-வருஷம்னு மாத்தச் சொன்னார், நினைவு போனா அது அமெரிக்கா முறைக்குப் போயிடும். நீல 'ஜி', 4. மாத்திட்டேன்.